சருகுமானின் இதயம்: கஞ்சில் காரின் மூன்று சிலிண்டர் இயந்திரம்

கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பார்கள். அந்தப் பழமொழிக்கு நான்கு சக்கரம் பூட்டி மலேசியச் சாலையில் ஓடவிட்டது போல வந்த கார்தான் பெரோடுவா கஞ்சில். 1993-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பெரோடுவா நிறுவனம், தனது முதல் காராக இதனை 1994 ஆகஸ்டு மாதம் அறிமுகம் செய்தது. மலாய் நாட்டுப்புறக் கதைகளில் புலியையும் முதலையையும் தன் புத்தியால் ஏமாற்றிவிட்டுத் தப்பிக்கும் சருகுமானின் பெயர்தான் கஞ்சில். ரவாங்கை அடுத்துள்ள சுங்கை சோ தொழிற்சாலையிலிருந்து 2009 வரை ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட கஞ்சில்கள் வெளிவந்தன. தோட்டத்தை விட்டு நகரத்துக்குக் குடிபெயர்ந்த நம் குடும்பங்கள் பலவற்றில், மோட்டார் சைக்கிளுக்கு அடுத்ததாக வாசலில் வந்து நின்ற முதல் கார் இதுவாகத்தான் இருந்தது.

அந்தக் கார்கள் இன்னும் முற்றாக மறைந்துவிடவில்லை. அப்பா ஓட்டி, அண்ணன் ஓட்டி, இப்போது பல்கலைக்கழகத்துக்குப் புறப்படும் தங்கையின் கைக்கு வந்து சேரும் கஞ்சில்கள் உண்டு. கல்விக் கடன் பணத்தில் மிச்சம் பிடித்துப் பழைய கஞ்சிலை வாங்கும் மாணவர்களும் உண்டு. அப்படி வாங்குகிறவர்களிடம் எல்லாரும் சொல்லும் ஒரே வாசகம், "இந்த இன்ஜின் கெடவே கெடாது" என்பதுதான். இது பாதி உண்மை. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ளாதவர்கள்தான் ஒரு மதிய வேளையில் நெடுஞ்சாலை ஓரத்தில் முன்மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். ஆகவே, இந்த இயந்திரத்தின் அளவுகளையும் அதன் உழைப்பின் இரகசியத்தையும் சற்று விரிவாகப் பார்ப்போம்.

சட்டம் வார்த்த இயந்திரம்

கஞ்சிலின் வேர் ஜப்பானில் இருக்கிறது. டைஹாட்சு நிறுவனத்தின் எல்200 வகை மீரா காரே இதன் மூலவடிவம். ஜப்பானில் 'கேய்' எனப்படும் சிறு கார்களுக்கு வரிச்சலுகை உண்டு. அதற்கு ஈடாக, நீள அகலங்களுக்கும் இயந்திரக் கொள்ளளவுக்கும் சட்டம் ஓர் எல்லை வகுத்திருக்கிறது. இயந்திரத்துக்கான எல்லை அதற்கு முன்பு 550 சி.சி.யாக இருந்தது. 1990-இல் அது 660 சி.சி.யாக உயர்த்தப்பட்டது.

டைஹாட்சுவின் 'இ' வரிசை இயந்திரங்களின் அளவுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் இந்தச் சட்ட வரலாறு அப்படியே தெரியும். பழைய 'இ.பி.' இயந்திரத்தின் சிலிண்டர் விட்டம் 62 மி.மீ.; பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தூரம், அதாவது வீச்சு, 60.5 மி.மீ. மூன்று சிலிண்டர்களுக்கும் கணக்கிட்டால் ஏறத்தாழ 547 சி.சி. எல்லை 660-ஆக உயர்ந்ததும் பொறியாளர்கள் வீச்சைத் தொடவில்லை. விட்டத்தை மட்டும் 68 மி.மீ. ஆக்கினார்கள். 659 சி.சி. 'இ.எஃப்.' இயந்திரம் பிறந்தது. எல்லைக் கோட்டுக்கு ஒரே ஒரு சி.சி. குறைவு! தேர்வு மண்டபத்தில் பக்க எண்ணிக்கையை எண்ணி எண்ணி எழுதும் மாணவரைப் போலத்தான். முதலில் வந்த கஞ்சில் 660-இல் இருந்தது இந்த இயந்திரமே.

ஜப்பானுக்கு வெளியே அந்தச் சட்டம் கிடையாது. ஆகவே 'இ.டி.' என்ற மற்றோர் இயந்திரத்தில் விட்டத்தை 66.6 மி.மீ. ஆகச் சற்றே குறைத்து, வீச்சை 81 மி.மீ.க்கு நீட்டினார்கள். கொள்ளளவு 847 சி.சி. ஆயிற்று. இதுதான் கஞ்சில் 850. பின்னர் அதே 81 மி.மீ. வீச்சை வைத்துக்கொண்டு விட்டத்தை 72 மி.மீ. ஆக்கியபோது கிடைத்தது 989 சி.சி. 'இ.ஜே.' இயந்திரம். கெலிசாவிலும் கெனாரியிலும் பின்னாளில் விவாவிலும் ஓடியது அதன் வகைகளே. ஆக, பெரோடுவாவின் சிறிய கார்கள் பலவும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். பழுதுபார்ப்பவர்களுக்கு இந்தக் குடும்பம் கையில் பழகியதாக இருப்பதற்கு இதுவே காரணம்.

"850-இல் வீச்சு நீளம், அதனால்தான் இழுவை அதிகம்" என்று கார் ஆர்வலர்கள் சொல்வதுண்டு. இதை நான் முழுமையாக ஒப்புக்கொள்வதில்லை. 847-ஐ 659-ஆல் வகுத்துப் பாருங்கள். ஏறக்குறைய 28 விழுக்காடு அதிகம். ஒவ்வொரு சுற்றிலும் அந்த அளவுக்குக் கூடுதலாகக் காற்றும் பெட்ரோலும் உள்ளே போகின்றன. இழுவை கூடுவதற்கு முதற்காரணம் அதுதான். நீண்ட வீச்சு வேறொன்றைச் செய்கிறது. நிமிடத்துக்கு 4,000 சுற்று ஓடும்போது 660-இன் பிஸ்டன் சராசரியாக நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது; 850-இன் பிஸ்டனோ நொடிக்கு 10.8 மீட்டர் ஓடவேண்டும். எனவே 850 குறைந்த சுழற்சியில் நிதானமாக இழுக்கும்போது சுகமாக இருக்கிறது, விரட்டினால் சிணுங்குகிறது. 660-இன் கதை நேர்மாறு. அதன் திறன் ஐம்பது குதிரைத்திறனைக்கூடத் தொடாது. அதை எடுக்கவும் சுழற்சியை உயர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். ஈப்போவுக்கு வடக்கே மெனோரா சுரங்கப்பாதையை நோக்கி ஏறும் மேட்டில் நான்கு பேருடன் கஞ்சில் 660-ஐ ஓட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குளிர்சாதனத்தை அணைத்துவிட்டு, மூன்றாவது கியருக்கு இறங்கி, பின்னால் வரும் லாரிக்காரர் என்ன நினைப்பாரோ என்று கவலைப்பட்டுக்கொண்டே ஏறியிருப்பார்கள். ஆனால் காரின் எடை சுமார் 700 கிலோதான் என்பதால் பட்டணத்துக்குள் அந்தத் திறனே போதுமானதாக இருந்தது.

நடுக்கம் ஏன்?

சிவப்பு விளக்கில் நிற்கும் கஞ்சிலின் ஸ்டியரிங்கில் கை வைத்தால் ஒரு நடுக்கம் தெரியும். புதிதாக ஓட்டுபவர்கள் இதைக் கோளாறு என்று பயப்படுகிறார்கள். நான்கடிப்பு இயந்திரத்தில் ஒரு முழுச் சுழல் முடிய, கிராங்க் தண்டு இரண்டு சுற்று, அதாவது 720 பாகை சுற்றவேண்டும். நான்கு சிலிண்டர் இருந்தால் 180 பாகைக்கு ஒருமுறை தீப்பற்றல் நிகழும். மூன்றே சிலிண்டர் என்றால் 240 பாகைக்கு ஒருமுறைதான். இரண்டு உந்துதல்களுக்கும் இடைவெளி கூடும்போது, மெதுவாக ஓடும் நிலையில் ஒவ்வொரு உந்துதலும் தனித்தனியாக உணரப்படுகிறது. அத்துடன், மூன்று பிஸ்டன்களும் வெவ்வேறு நேரத்தில் ஏறி இறங்குவதால் இயந்திரத்தின் இரு முனைகளும் ஏற்றப்பலகை போல ஆடப் பார்க்கும். இந்த ஆட்டத்தை விழுங்கிக்கொள்வது இயந்திரத்தைத் தாங்கும் ரப்பர் தாங்கிகளின் வேலை.

இதிலிருந்து ஒரு பயன் உண்டு. கஞ்சில் வழக்கத்தைவிட அதிகமாக நடுங்கினால், முதலில் பார்க்கவேண்டியது அந்த ரப்பர் தாங்கிகளைத்தான். அவை வெடித்துப் போயிருக்கும். அவை நன்றாக இருந்தும் நடுக்கம் தாளம் தப்பி வந்தால் ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பொருள். நான்கு சிலிண்டரில் ஒன்று நின்றால் கால்வாசித் திறன் போகும். இங்கே மூன்றில் ஒரு பங்கு போய்விடும். கவனிக்காமல் இருக்கவே முடியாது. பெரும்பாலும் அது தீப்பொறிச் செருகியாகவோ அதற்குச் செல்லும் கம்பியாகவோ இருக்கும். மழைக்காலக் காலையில் இந்த வம்பு வந்தால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் கோத்திருக்கிறதா என்று பார்க்கலாம். உலர்ந்த துணி ஒன்றே மருந்து.

(சிலிண்டரை உருளை என்றும் பிஸ்டனை உந்துதண்டு என்றும் எழுதலாமே என்று நம் கழக நண்பர்கள் கேட்கக்கூடும். எழுதலாம். ஆனால் பட்டறைக்குச் சென்று "அண்ணே, இரண்டாவது உருளையில் தீப்பொறி இல்லை" என்று சொல்லிப் பாருங்கள். அவர் உங்களையும் காரையும் மாறி மாறிப் பார்ப்பார்.)

கெடாததா, திருத்தக்கூடியதா?

நம்பகத்தன்மை என்ற ஒரே சொல்லில் நாம் இரண்டு செய்திகளைப் போட்டுக் குழப்புகிறோம். நீண்ட நாள் பழுதாகாமல் ஓடுவது ஒன்று. பழுதானால் எளிதாக, மலிவாகச் சரிசெய்ய முடிவது மற்றொன்று. கஞ்சிலின் புகழ் பெரும்பாலும் இரண்டாவதில் இருந்து வந்தது என்பதே என் கருத்து.

கார்புரேட்டர் பொருத்திய கஞ்சிலில் பெட்ரோலைக் கணக்கிட்டுக் கொடுக்கக் கணினி இல்லை. இயந்திரம் உறிஞ்சும் காற்று ஒரு குறுகலான வழியில் விரைந்து செல்லும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. அந்த இழுப்பில் நுண்துளை வழியாகப் பெட்ரோல் மேலே வந்து காற்றோடு கலக்கிறது. துளையில் அழுக்கு அடைத்தால் கார் திக்கும். மேலும் அடைத்தால் இன்னும் திக்கும். ஒரே நாளில் படுத்துவிடாது, வாரக்கணக்கில் முனகும். பட்டறையில் கழற்றிச் சுத்தம் செய்தால் சரியாகிவிடும். பின்னால் வந்த, பெட்ரோலைப் பீய்ச்சும் இ.எஃப்.ஐ. முறை எரிபொருளை இதைவிடத் துல்லியமாக அளக்கிறது, காலையில் முதல் முயற்சியிலேயே உயிர் பெறுகிறது, புகையும் குறைவு. ஆனால் அதன் உணரிகளில் ஒன்று செயலிழந்தால் அனுமானத்தில் சரிசெய்ய முடியாது. இரண்டில் எது சிறந்தது என்று கேட்டால், நெடுந்தூரம் ஓட்டுபவருக்கு இ.எஃப்.ஐ. என்பேன், வாரம் இருமுறை சந்தைக்கும் வகுப்புக்கும் போகிறவருக்கு எது நல்ல நிலையில் கிடைக்கிறதோ அது.

ஆக, இந்த இயந்திரத்தின் பெரும்பாலான நோய்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டு வருபவை. சொல்லாமல் வருபவை இரண்டு. ஒன்று வெப்பம், மற்றொன்று டைமிங் பெல்ட். கஞ்சில்களைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பியதில் இந்த இரண்டுக்கும் பெரும் பங்கு உண்டு.

வெப்பம் எனும் பகை

இந்த இயந்திரத்தின் அடிக்கட்டை வார்ப்பிரும்பு. மேலே உட்காரும் தலைப்பகுதி அலுமினியம். அலுமினியம் சூடேறினால் வார்ப்பிரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிவடையும். முப்பது சென்டிமீட்டர் நீளமுள்ள அலுமினியத் துண்டு நூறு பாகை செல்சியஸ் சூடேறினால் ஏறத்தாழ 0.7 மி.மீ. நீளும், அதே அளவு வார்ப்பிரும்பு நீள்வது 0.35 மி.மீ.க்கும் குறைவு. இரண்டையும் இறுக்கமாக முடுக்கி, நடுவில் மெல்லிய காஸ்கெட் ஒன்றை வைத்திருக்கிறோம். வழக்கமான வெப்பத்தில் இந்த வேறுபாட்டைக் காஸ்கெட் பொறுத்துக்கொள்ளும். அளவு மீறினால் அலுமினியம் விரிய இடமின்றி வளைகிறது. ஆறிய பிறகும் அந்த வளைவு நிமிர்வதில்லை. பிறகு நீர் எண்ணெயோடு கலக்கும், அல்லது எரிவாயு நீர்ப்பாதைக்குள் புகும்.

இதில் பலர் அறியாத ஒன்று உண்டு. வெப்பமானியின் முள் காட்டுவது, உணரியைச் சுற்றியுள்ள நீரின் வெப்பத்தை. குழாய் வெடித்து நீர் முழுவதும் கொட்டிவிட்டால், உணரி வெற்றுக் காற்றில் நிற்கும். முள் நடுவிலோ அதற்குக் கீழோ கூட இருக்கலாம். முள் மேலே ஏறவில்லையே என்று தொடர்ந்து ஓட்டியவர்களின் இயந்திரம்தான் முற்றாக இறுகிப்போகிறது. குளிர்சாதனத்தில் திடீரென வெப்பக் காற்று, காருக்குள் இனிப்பான ஒரு வாடை, முன்மூடி ஓரத்தில் ஆவி — இவற்றில் ஒன்று தென்பட்டாலும் உடனே ஓரங்கட்டி இயந்திரத்தை நிறுத்துவதே அறிவுடைமை.

நம் நாட்டுப் பட்டறைகள் சிலவற்றில் ஒரு பழக்கம் உண்டு. கார் சூடேறுகிறது என்று சொன்னவுடன் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசிவிடுவார்கள். "நம்ம ஊருக்கு இது எதற்கு, இது குளிர் நாட்டுக்காரனுக்கு" என்பது அவர்கள் வாதம். தெர்மோஸ்டாட் குளிர் நாட்டுக்காக மட்டும் வைக்கப்பட்டதன்று. இயந்திரம் தனக்குரிய வெப்பத்தை விரைவில் எட்டவும், அதிலேயே நிற்கவும் உதவுவது அது. அதைக் கழற்றினால் விடுதியிலிருந்து விரிவுரை மண்டபம் வரை செல்லும் குறுந்தூரப் பயணத்தில் இயந்திரம் சூடாகவே ஆகாது. எரிதலில் உண்டாகும் ஈரம் எண்ணெயிலேயே தங்கிவிடும், பெட்ரோல் வீணாகும், சிலிண்டர் சுவர் விரைவில் தேயும். சூடேறுவதற்கான உண்மைக் காரணமோ, அடைத்துக்கொண்ட ரேடியேட்டரோ ஓடாத மின்விசிறியோ, அப்படியே இருக்கும்.

குழாய்த் தண்ணீரை ஊற்றுவதும் அத்தகையதே. கூலன்ட் என்பது வெறும் நிறமேற்றிய நீர் அன்று. இரும்பும் அலுமினியமும் துருப்பிடித்து அரிக்காமல் காப்பதே நம் நாட்டில் அதன் முதன்மைப் பணி. ரேடியேட்டர் மூடியும் வெறும் மூடி அன்று. அது உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்து, நீர் கொதிக்கும் நிலையை 100 பாகைக்கு மேலே உயர்த்துகிறது. வளிமண்டல அழுத்தத்தைப் போல் இன்னொரு மடங்கு சேர்ந்தால் நீர் 120 பாகையில்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் தளர்ந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். சில வெள்ளிக்குக் கிடைக்கும் மூடிக்காகத் தலைப்பகுதி முழுவதையும் பலி கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். அதே காரணத்தால், சூடான இயந்திரத்தில் அந்த மூடியைத் திறக்கவே கூடாது. திறந்த நொடியில் அழுத்தம் விலகி, உள்ளிருக்கும் நீர் ஒரே வேளையில் ஆவியாகி முகத்தில் அடிக்கும்.

பெல்ட்டும் எண்ணெயும்

வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டை, கிராங்க் தண்டோடு இணைப்பது பற்கள் கொண்ட ரப்பர் பெல்ட். சங்கிலியைப் போல இது தளர்ந்து சத்தம் போடாது. நேற்று வரை நன்றாக இருந்து இன்று அறுந்துவிடும். இயந்திரம் அந்த இடத்திலேயே நின்றுவிடும். இத்தகைய பெல்ட்டுகளை 80,000 முதல் 100,000 கிலோமீட்டருக்குள் மாற்றுவது பொதுவான வழக்கம். ஆனால் அதிகம் ஓடாத பழைய காரில் கிலோமீட்டரை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பதில் பொருளில்லை. ரப்பருக்கு வயதும் உண்டு. பழைய கஞ்சிலை வாங்குகிறவர், பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்பதற்கு ரசீது இல்லையென்றால், மாற்றப்படவில்லை என்றே கொள்ளவேண்டும். மாற்றும்போது அதை இழுத்துப் பிடிக்கும் உருளியையும், அருகிலுள்ள எண்ணெய்த் தடுப்பு வளையங்களையும் சேர்த்து மாற்றுவது நல்லது. அந்த வளையம் கசிந்து எண்ணெய் பட்டால் புதிய பெல்ட்டும் விரைவில் ஊறிப்போகும்.

எண்ணெயைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. இந்தச் சிறிய இயந்திரத்தில் இருப்பதே ஏறத்தாழ மூன்று லிட்டர். பெரிய காரில் அரை லிட்டர் குறைந்தால் பெரிதாகத் தெரியாது. இங்கே அது ஆறில் ஒரு பங்கு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அளவுகோலை இழுத்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

வாங்கும்போது

விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: "நான் வரும்வரை காரை ஸ்டார்ட் செய்யவேண்டாம்." நீங்கள் போய்ச் சேரும்போது முன்மூடி சூடாக இருந்தால், எதையோ மறைக்கிறார் என்று ஐயப்படலாம். இயந்திரம் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். துரு நிறத் தண்ணீர் இருந்தால் முன்பு சொன்ன கதைதான். எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் பால் கலந்த தேநீர் போல ஏதாவது ஒட்டியிருந்தால் நீரும் எண்ணெயும் கலந்திருக்க வாய்ப்புண்டு.

பிறகு ஸ்டார்ட் செய்து, புகைப்போக்கிக்குப் பின்னால் ஒருவரை நிறுத்துங்கள். முதல் சில நொடிகள் மட்டும் நீலப்புகை வந்து நின்றால் வால்வுத் தண்டின் ரப்பர் வளையங்கள் இறுகிவிட்டன என்று பொருள். அது பெரும் செலவன்று. முடுக்கும்போதெல்லாம் நீலப்புகை வந்தால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துவிட்டன. அது பெரும் செலவு. கரும்புகை என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. கார்புரேட்டரைச் சரிசெய்தால் தீரலாம். இயந்திரம் நன்றாகச் சூடான பிறகும் வெண்புகை நிற்காமல் வந்தால் நன்றி சொல்லிவிட்டுத் திரும்பிவிடுங்கள். முடிந்தால் மூன்று சிலிண்டர்களின் அழுத்தத்தையும் அளக்கச் சொல்லுங்கள். மூன்றும் சற்றுக் குறைவாக, ஆனால் ஒன்றுபோல் இருந்தால் அது முதுமை. இரண்டு நன்றாக இருந்து ஒன்று மட்டும் கீழே விழுந்திருந்தால் அது நோய்.

நல்லதாக ஒன்று அமைந்துவிட்டால் செலவு குறைவுதான். தீபகற்ப மலேசியாவில் 1,000 சி.சி. வரையிலான தனியார் காருக்குச் சாலை வரி ஆண்டுக்கு 20 ரிங்கிட். சாதாரண ரோன் 95 பெட்ரோலே போதும். சிலர் இந்த மலிவில் மனம் நிறையாமல், ஜப்பானிலிருந்து வரும் பாதி வெட்டிய மீராக்களின் நான்கு சிலிண்டர் டர்போ இயந்திரத்தைத் தூக்கி உள்ளே வைக்கிறார்கள். அதன் கொள்ளளவும் 659 சி.சி.தான், ஆனால் திறன் 64 குதிரைத்திறன். பழைய பிரேக்கும் மெல்லிய உடலும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. இயந்திரத்தை மாற்றினால் புஸ்பாகோம் சோதனையும் சாலைப் போக்குவரத்துத் துறையின் பதிவும் வேண்டும். இல்லாவிட்டால் விபத்து நேரும் நாளில் காப்புறுதி நிறுவனம் கையை விரிக்க இடமுண்டு.

இறுதியாக, இயந்திரத்தைவிட உடலைக் கவனியுங்கள். கஞ்சில்களில் இயந்திரம் திடமாக இருக்க, தரைத்தகடும் சக்கரத்தைத் தாங்கும் பகுதிகளும் துருவேறிப் போயிருப்பது அடிக்கடி காணும் காட்சி. காலடிப் பாயைத் தூக்கிப் பாருங்கள். பின்சக்கர வளைவின் உட்புறத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். காற்றுப்பை இல்லாத, 700 கிலோ எடையுள்ள காரில் மோதலைத் தாங்க இருப்பது அந்தத் தகடு மட்டுமே. ஆதலால் நான் பட்டணத்துக்குள் கஞ்சிலை ஓட்டத் தயங்கமாட்டேன். ஆனால் மழை கொட்டும் இரவில், லாரிகளுக்கு நடுவே, வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர் வேகத்தில் அதை விரட்டிக்கொண்டு ஊருக்குப் போகவேண்டும் என்றால், பேருந்துக்கு டிக்கெட் எடுத்துவிடுவேன்.